பாரிவாக்கத்து மதகுக்கு அரசு விடுமுறை

பாரிவாக்கத்துக்குக் கிழக்கே அரசாங்கம் ஒரு பெரிய பள்ளம் வெட்டியது. மழை வெள்ளம் ஊருக்குள் புகாமல் அதில் தேங்க வேண்டும் என்பது ஏற்பாடு. எண்பதுகளின் நடுவில் வறட்சி வந்தபோது, அதே பள்ளத்தில் தண்ணீரை நிறுத்தி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறுமே என்று மேலிடத்தில் யாருக்கோ நல்ல புத்தி தோன்றியது. அன்றிலிருந்து பள்ளத்துக்கு இரண்டு எஜமானர்கள். வெள்ளத் தணிப்புப் பிரிவுக்குப் பள்ளம் காலியாக இருக்க வேண்டும். ஊற்று வளர்ப்புப் பிரிவுக்கோ அது நிரம்பியிருக்க வேண்டும்.

பள்ளத்தை ஒட்டிக் கீரை பயிரிட்டு, பூந்தமல்லிச் சந்தையில் விற்றுப் பிழைத்தவள் சொர்ணம். அவள் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. இரண்டு பிரிவும் கூடிப் பேசுகின்றன என்று கேள்விப்பட்டதும், களையெடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கரைமேல் ஷாமியானா போட்டிருந்தார்கள். தணிப்புப் பிரிவின் பக்தவத்சலமும் வளர்ப்புப் பிரிவின் உத்தமனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அடிப்பாதி எங்களுக்கு, மேல்பாதி உங்களுக்கு. பிரச்சினை தீர்ந்தது" என்றார் உத்தமன்.

"அதெப்படி?" என்றார் பக்தவத்சலம். "பெய்யற தண்ணி முதல்ல அடிக்குத்தானே போகும்? மூத்த பிரிவு நாங்க இருக்கும்போது உங்களுக்கு முதல் பந்தியா?"

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. தேநீர், வடைக்குப் பிறகு உடன்பாடு பிறந்தது. திங்கள், புதன், வெள்ளி தணிப்புப் பிரிவின் நாட்கள், மதகு திறந்திருக்கும். செவ்வாய், வியாழன், சனி வளர்ப்புப் பிரிவுக்கு, மதகு மூடியிருக்கும். ஞாயிறு அரசு விடுமுறையாதலால் மதகு இருந்தது இருந்தபடியே இருக்கும்.

"இன்னா சார் இது?" என்றாள் சொர்ணம். "செவ்வாக்கெயம சேத்தத புதங்கெயம தொறந்து உட்டா, கெணத்துக்கு இன்னா மிஞ்சும்?"

"வியாழக்கிழமை மறுபடியும் சேர்ப்போம்மா" என்றார் உத்தமன் பொறுமையாக.

மதகுக் காவலர் துலுக்கானம் உத்தரவைத் தெய்வவாக்காக நிறைவேற்றினார். பெய்ததெல்லாம் ஒருநாள் விருந்தாளியாக வந்து போனது. சொர்ணத்தின் கீரை வாடியது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மதகை மூடினார்கள். ஞாயிறு முழுக்கக் கொட்டியது. திங்கள் காலை மதகைத் திறக்க வந்த துலுக்கானத்தைச் சொர்ணம் வழிமறித்தாள்.

"அண்ணாத்தே, இன்னிக்குத் தீவாளி. கவருமெண்டு லீவு. லீவு நாள்ல மதகைத் தொட்டா மெமோ குடுப்பாங்க."

துலுக்கானம் யோசித்தார். விஷயம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய் வளர்ப்பு நாள். புதன்கிழமை பெருமழை. வெள்ளத்தை முன்னிட்டு அரசு அலுவலகங்கள் அனைத்துக்கும் விடுமுறை விடப்பட்டதால், வெள்ளத் தணிப்புப் பிரிவும் மூடப்பட்டது.

பள்ளம் நிரம்பியது. ஊருக்குள் ஒரு சொட்டும் நுழையவில்லை. கிணறுகளும் ஊறின. வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகளும் தண்ணீருக்கு முன்னால் நின்று, இது தத்தம் பிரிவின் சாதனை என்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மதகைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. சாதனையை யாராவது திறந்து விடுவார்களா?

தை மாதம் சொர்ணத்தின் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். தண்ணீர் லாரி ஓட்டும் ஹுமாயூன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, இவ்ளோ தண்ணிய வச்சிகினு கீரைக்கா ஊத்திகினு கீறே? ஒரு மோட்டார் போடு, நான் லாரி கொண்டாறேன்."

குனிந்து களை பிடுங்க வேண்டாம். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓட வேண்டாம். சொர்ணத்துக்கு யோசனை பிடித்திருந்தது. அவளைப் பார்த்துத் தெருவே மோட்டார் போட்டது. கீரைப் பாத்தி லாரி திரும்பும் இடமானது.

சித்திரையில் மோட்டார்கள் காற்றை இறைத்தன. சொர்ணம் தெருவையே திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"பள்ளம் சரியா வேல செய்யல சார்! எங்க தண்ணி எங்க போச்சு?"

"உட்காரும்மா" என்றார் உத்தமன். "வெயில்ல வந்திருக்கே, முதல்ல தண்ணி குடி. இந்த ஆபீஸ் போர் வத்திப்போச்சு. உங்க ஊர்ப் பக்கத்திலேர்ந்து லாரியில வர்ற தண்ணிதான். இது கடைசி லோடாம். இனிமே வராதுன்னு டிரைவர் சொல்றான், ஏன்னு தெரியல."

சொர்ணம் குடித்தாள். தேங்காய்த் தண்ணீர் மாதிரி இனித்தது. இன்னொரு டம்ளர் கேட்டாள். அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது.