சைட்டோன் ராஜசேகரன்

தான் பேசுவதைத் தானே கேட்டுக் கிறங்கும் ஓர் இனம் நம்மிடையே அமோகமாகப் பெருகி வருகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் ஆவடி மின்சார ரயிலிலும் பார்த்திருப்பீர்கள். "ஒரே வார்த்தை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போய்விடும்.

இவர்களில் முதல்தரமானவர் வெள்ளானூர் ராஜசேகரன். டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்; வீட்டிலிருந்தபடியே வானலையில் செய்தி அனுப்பும் ஹாம் ரேடியோப் பித்தர். அவருடைய வால்வு டிரான்ஸ்மிட்டர் அவரைவிட மூத்தது, அவரைவிட அடக்கமானது. தந்தியடிப்பதுபோல மோர்ஸ் சாவியைத் தட்டினால் செய்தி ஊருக்கெல்லாம் போகும். தட்டுகிறவர் காதில் மட்டும் ஒன்றும் விழாது. இந்தக் கொடுமையை மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒருநாள் பெட்டியைப் பிரித்து, தட்டத் தட்டத் தன் காதிலேயே 'டிட்-டா' என்று ஒலிக்கும் சைட்டோன் சர்க்யூட்டைச் சேர்க்க உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா ஓடுற பெட்டியை இன்னிக்கா நோண்டணும்?" என்றார் மனைவி கஸ்தூரி. "ஆசிக் அண்ணன் ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டாரு. சாயங்காலம் ரேடியோவுல விசாரிக்கிறேன்னு சொல்லியிருக்கீங்க."

"அவனுக்காகத்தான்டி இதெல்லாம்!"

பூந்தமல்லி முகமது ஆசிக் அவருடைய ரேடியோ சிநேகிதர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, தையலோடு ரேடியோ முன் காத்திருந்தார்.

கஸ்தூரி கோயிலுக்குப் போனதும் ராஜசேகரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாவியைத் தட்டினார். ஆகா! என்ன தெளிவு, என்ன இனிமை! ஆசிக்கின் உடம்பை விசாரித்தார். பதிலுக்கு நின்றாரா? தன் ரத்த அழுத்தம், ஈயப்பற்றின் தரம், மாடியில் ஏரியல் கட்டி இடுப்புப் பிடித்தது என்று தட்டிக்கொண்டே போனார். கூடத்தில் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த ஆசிக், ராஜசேகரனின் ஹெட்போனைப் பிடுங்கினார்.

"இன்னா நைனா, உசுரோட கீறியா? ரேடியோல சத்தமே இல்ல, போனும் எடுக்கல. உனுக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு தையலோட ஓடியாறேன்!"

"சத்தம் இல்லையா? இவ்வளவு நேரம் உன்கூடத்தானே பேசறேன்!"

மூடியைத் திறந்தார்கள். சாவியிலிருந்து புது சர்க்யூட்டுக்கு ஒயர் ஒழுங்காகப் போயிருந்தது. டிரான்ஸ்மிட்டருக்குப் போக வேண்டிய ஒயர் பற்றுவைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜசேகரனின் முகம் சுண்டிப்போயிற்று. நண்பரைக் கைத்தாங்கலாகப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்தார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"சிரிச்சா வலி. தும்முனா உசுரே பூடும். அந்த டாக்டரு இன்னா சொன்னாருன்னா..."

ராஜசேகரன் கேட்டார். உண்மையாகவே கேட்டார். கண்கூடக் கலங்கிற்று. பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"எனக்குக்கூட ஒரு தடவை வயித்துல இப்படித்தான்..."

நீங்கள் அப்படியில்லை, தெரியும். போன வாரம் உடம்பு சரியில்லாத ஒருவரிடம் நலம் விசாரித்தீர்களே, அவர் என்ன பதில் சொன்னார்?