ஏழு கொம்பியூட்டருக்குப் பூட்டுப் போட்ட கதை

கிண்ணியா,
புதன் பின்னேரம்.

அன்பு மகன் றிஸ்கானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைக் கீழே எழுதுகிறேன். போன் எடுத்தால் "மீட்டிங்ல இருக்கன் வாப்பா" என்கிறீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் மட்டும் வருகுது. அதனால் கடிதம். நாளைக் காலையில் கொழும்பு பஸ் ஓட்டுகிற றுவைஸிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவர் நகரமாட்டார்.

எங்கட கப்பல் ஏஜென்சிக் கந்தோரில வேலை நேரத்தில கொம்பியூட்டரில டிவி நாடகம் பார்க்கிறாங்கள் என்று மனேஜருக்குக் கோபம். இந்தியாவுக்குப் போகமுதல் என்னைக் கூப்பிட்டு, "ஸஹாப்தீன் நானா, திங்கட்கிழமை நான் வாறதுக்குள்ள இதுக்கொரு பூட்டுப் போடுங்க" என்றார். முப்பது வருசக் கிளார்க் எண்ட மரியாதை. கொம்பியூட்டரில எனக்குத் தெரிஞ்சது அதைத் துடைக்கிறது மட்டும்தான் எண்டு அவருக்குத் தெரியாது. நீங்க அனுப்பின, இணையத் தளங்களை மூடுற அந்தப் பூட்டுப் புரோகிராமை நீங்க சொன்னபடியே ஏழு கொம்பியூட்டரிலும் ஏத்திட்டன். ஆனா எதை மூடுறது? ஒருத்தர்ட மனமும் நோகக்கூடாதெண்டு ஒரு கொப்பியைச் சுத்த விட்டன்: "வேலை நேரத்தில உங்களுக்குக் கரைச்சல், தொந்தரவு தாற தளங்களை நீங்களே எழுதுங்க, ஆர் எழுதினதெண்டு பார்க்கமாட்டன்." கொப்பி நிறைஞ்சு வந்துது. இவ்வளவு நேர்மையான பிள்ளையளா எண்டு எனக்குக் கண் கலங்கிட்டுது. எல்லாம் புள்ளியும் கோடும் போட்ட நீட்டு முகவரி, எது எதெண்டு விளங்காமலே ஒவ்வொரு எழுத்தாப் பார்த்து அடிச்சு மூடினன்.

அடுத்த நாள் கப்பல் வருகைப் பட்டியல் திறக்குதில்ல. கடல் காலநிலை இல்ல, சுங்கப் படிவம் இல்ல, கந்தோர்ட சொந்த மெயிலும் இல்ல. நாடகம் மட்டும் வடிவா ஓடுது. "என்ன பிள்ளை இது?" எண்டு டைப் அடிக்கிற புஷ்பவதியைக் கேட்டன். "உண்மையைத்தானே எழுதினம் நானா. ஒரு நாடகத்தை ஒழுங்காப் பார்க்க விடாம நாளுக்கு நாப்பது தரம் கரைச்சல் தாறது இதுகள்தானே" எண்டா. நேற்று ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டு, தண்ணி கேட்டு ஊதிக்கொண்டே நிண்டுது. நாங்க யன்னலால பார்த்துத்தான் கண்டம். இப்ப எங்களோட வேலை செய்யிற சஜீத் விடியத் துறைமுகக் கோட்டைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்திட்டு வந்து, கப்பல் பட்டியலைக் கையால எழுதுறார்.

பூட்டைத் திறக்கலாம்தானே எண்டு கேட்பீங்க. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது மகன். ஆராவது கெஞ்சினா இளகிப்போற ஆள் நான். அதால உம்மாவைக் கந்தோருக்குக் கூட்டிப் போய், நான் சுவரைப் பார்த்து நிற்க, அவவே அடிச்சா. அலுமாரித் திறப்புக் கொத்தும் அவவிட்டத்தானே, இதுவும் இருக்கட்டும் எண்டுதான். இப்ப கேட்டா மறந்திட்டாவாம். எங்கட கலியாண வீட்டில நான் தவறிச் சொன்ன ஒரு கதையை இண்டைக்கும் ஒரு சொல் பிசகாமச் சொல்லுறவ! "ஏலாது, ஞாபகம் வருகுதில்ல. மகனுக்கு எழுதுங்க, வந்து திறக்கட்டும்" எண்டுட்டுக் குசினிக்குள்ள போயிற்றா.

திங்கட்கிழமைக்குள்ள திறபடாட்டி, பென்சனுக்கு ஏழு மாசம் இருக்கிற என்னைக் கப்பல் எண்ணச் சொல்லித் துறைமுக ஜெட்டியில வெயிலுக்க நிறுத்திருவாங்க. லீவு போட்டுச் சனிக்கிழமை வாங்க. பெருநாளைக்கும் நீங்க வரல்ல. நான் ஒண்டும் சொல்லல்ல. உம்மாவும் சொல்லல்ல, ரெண்டு பேருக்கு மட்டும்தான் சோறு போட்டா.

நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஐந்து நேரமும் உங்களுக்காகத் துஆ கேட்கும்,
வாப்பா,
ஸஹாப்தீன்.

பி.கு. வியாழன் காலை. றுவைஸ் பஸ் எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. கந்தோருக்கு வந்ததும் சும்மா உங்கட பெயரையும் பிறந்த வருசத்தையும் அடிச்சுப் பார்த்தன். திறந்திட்டுது. மேலே எழுதின ஒண்டுக்கும் இனி நீங்க வரத் தேவையில்ல. ஆனா உம்மாவுக்கு நான் சொல்லல்ல. சனிக்கிழமைக்கு இறாலுக்குச் சொல்லி வச்சிட்டா. வந்து, "சரியான கஷ்டமான பூட்டு, ரெண்டு நாளாவது எடுக்கும்" எண்டு அவவிட்டச் சொல்லுங்க.