சோக்கா ஓட்டு கண்ணு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: காரை ஓட்டிய நான். பக்கத்தில் மிளகு வியாபாரியான என் முதலாளி. பின்சீட்டில் என் தாய்மாமன், கூரை ஒழுகியதால் காருக்குள்ளேயே குடை பிடித்தபடி. பாதி மலையில் வந்து சேர்ந்த ஒரு விவசாயி, அவருடைய இரண்டு காளைகள். வேறு யாரும் இல்லை. (பிற்பாடு எங்கள் ஊரான பேளுக்குறிச்சியில் பாதிப்பேர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லித் திரிந்தார்கள். நம்பாதீர்கள்.)

நான் பிறவியிலேயே கவலைக்காரன். பரீட்சைக்கு வருகிற இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேள்வி கேட்பார் என்று பயந்து நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படிப்பட்டவனை டிரைவர் ஆக்கியது சேலத்து மெக்கானிக் ஒருவர். பாவம், நல்ல மனுஷன்.

முதலாளி ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். மரம் இறக்குகிற வண்டிப் பாதையில் அதை ஏற்றி, மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டில் போய் இறங்கி மிளகு வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. "வண்டி ஏறுச்சுன்னா வேலை உனக்கு நிரந்தரம்" என்றார். மாமனும் அதையே பிடித்துக்கொண்டார். "வேலை நிலைச்சா எம் மக பாவாயி உனக்குத்தான். இல்லீன்னா ராசிபுரத்துப் பையனுக்குச் சொல்லிப் போடுவேன்." வண்டி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அவரும் ஏறிக்கொண்டார். வழி நெடுக என் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அது எனக்குக் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

அடிவாரத்தில் கார் நன்றாகத்தான் ஓடியது. மேலே போகப்போக, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. ஐப்பசி மழை, மூடுபனி கண்ணாடியில் அப்பியது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் தலையணையை மிதிப்பது போலிருந்தது. எஞ்சின் இளைப்புக்காரனைப் போல இழுத்தது. என் கவலையின் பாரம்தான் காரை அழுத்துகிறது என்று நிஜமாகவே நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு திருப்பத்தில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு காளைகளோடு ஒருவர் ஒதுங்கி நின்றார். முதலாளி தலையில் கட்டியிருந்த உருமாலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"ஆளு பாக்குறான். சோக்கா ஓட்டு கண்ணு!"

ஊர் உலகத்துக்குச் சோக்கு என்றால் மிடுக்கு. எனக்கு அப்படியில்லை. காரின் முகப்பில் இருந்த ஒரு குமிழைத்தான் மெக்கானிக் சோக்கு என்பார். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினைக் கிளப்பும்போது அதை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், வண்டி எடுக்கும். குளிரும் இருந்தது, முதலாளியும் சொல்லிவிட்டார். மகராசன், கார் விஷயமெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று வியந்து, குமிழை முழுசாக இழுத்தேன்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. கரும்புகை விட்டது. நின்றது. அப்புறம் கார் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

"ஏன் மாப்ளே, வண்டி ஊட்டுக்குத் திரும்புதா?" என்றார் குடைக்குள்ளிருந்து மாமன்.

பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். விவசாயி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"என்னடா பண்ணுன?" என்றார் முதலாளி.

"நீங்க சொன்னதத்தானுங்க. சோக்கை இழுத்தேனுங்க."

முதலாளி உருமாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைவிட அடித்திருக்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை என்று சொல்லிக்கொண்டேன். இறங்கிப்போய் எஞ்சினைக் கிளப்பத் திரும்பத் திரும்பக் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். (ஒவ்வொரு தடவையும் சோக்கை இழுத்துவிட்டு!) பெட்ரோல் நாற்றம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. பின்னாளில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "மேலே போனா காத்தே இளைச்சுப் போகும்டா. மூச்சுக்குத் திண்டாடிட்டிருந்த எஞ்சின், அதோட மூக்கையும் நீ பொத்திட்ட!"

விவசாயி காரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, இது பசியில நிக்குதுங்களா? எங்க மாட்டுக்குக் கொஞ்சம் கொள்ளு இருக்குதுங்க."

கடைசியில் அந்தக் காளைகளைத்தான் கயிறு போட்டுக் கட்டினோம். வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கும்வரை அவை இழுத்தன. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். மாமன் குடையை இறக்கவில்லை.

திருப்பி நிறுத்தியதும் முதலாளி இரண்டு ரூபாய் எடுத்து நீட்டினார். விவசாயி கையை மடக்கிக்கொண்டார்.

"இப்ப வேண்டாமுங்க. வண்டி தன்னால மேல ஏறி வரட்டும். அன்னிக்கு வாங்கிக்கிறேனுங்க."

மிளகு வாங்காமலே உருண்டு இறங்கினோம். அடிவாரம் நெருங்கியதும் அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டு, கல்யாணக் கார் மாதிரி பேளுக்குறிச்சிக்குள் நுழைந்தது. மாமன் இறங்கிக் குடையை மடக்கினார்.

"எறங்கறப்ப சோக்காத்தான் ஓட்டறே மாப்ளே" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அடுத்த வாரம் வேலை போயிற்று. தை பிறந்ததும் பாவாயி ராசிபுரம் போனாள். அந்தக் கல்யாணத்தில் நான்தான் பந்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். மணமேடையையே பார்த்துக்கொண்டு ஒரு பெரியவரின் இலை நிறைய ஊற்றினேன். இன்றைக்கும் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் என்னைக் கண்டாலும், பேரன் பேத்திகளை இழுத்துவந்து நிறுத்தி, "என்னங்க மச்சான், சோக்கா இருக்கீங்களா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். அவள் மட்டும் சிரித்து முடித்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அந்தக் காரை முதலாளி விற்றுவிட்டார். அது மறுபடி மலை ஏறவே இல்லை. அந்த விவசாயி காத்திருந்தாரோ என்னவோ, அவருக்குச் சேர வேண்டியது அப்படியே நிற்கிறது: இரண்டு ரூபாய்.