பழுது: வீட்டுக்காரர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் குப்பை கொட்டிய ஏழு வருடங்களில் என்னை அவமானப்படுத்தியவர்கள் பலர். ஆனால் அந்த அவமானத்தை ரெஜிஸ்டரில் எழுதி, அதன் கீழே என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போன ஒரே மனிதர் 'மூணு நிமிஷம்'தான். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் கிளார்க். தொழிற்சாலைக்குப் பின்னாலேயே பன்னிரண்டு குவார்ட்டர்ஸ். ஜன்னலைத் திறந்தால் உலைக் கரி உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்காரும். காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மத்தியானம் சபரிமலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். அதனால் கம்பெனியே வீட்டுக்கு ஒரு ஏ.சி. மாட்டிக் கொடுத்திருந்தது. எங்கள் ஒன்றரை வயது மகளுக்கு இழுப்பு வேறு. ஜன்னலைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டால்தான் அவள் ஒழுங்காக மூச்சு விடுவாள். கரண்ட்டோ, போவதும் வருவதுமாக எங்களோடு விளையாடிக்கொண்டிருந்த காலம்.

இந்த ஏ.சி.களைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்திருந்த மெக்கானிக்தான் மூணு நிமிஷம். பக்கத்து ஆரணியிலிருந்து (பட்டுச்சேலை ஆரணி இல்லை) மொபெட்டில் வருவார். பையில் ஸ்குரூடிரைவர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு கடிகாரம் இருக்கும். கைக்கடிகாரம் இல்லை. சுவரில் மாட்டுகிற, பெண்டுலம் இல்லாத குறையாகப் பெரிய கடிகாரம்.

"ஊட்டுக்கு ஊடு டைம் வேற வேறயா காட்டுது சார். யாரை நம்புறது?" என்பார்.

முதல் முறை அவர் என் வீட்டுக்கு வந்த கதையைக் கேளுங்கள். கரண்ட் போய் வந்தது. ஏ.சி. சுடுகாற்றை ஊதிக்கொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டியது. நான் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி அதே சிமிட்டல். என் மனைவி அணைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டு பஷீர் பாய், எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், பழவேற்காட்டுக்காரர், அவர் வந்து, "பிளக்கைப் பிடுங்கிச் சொருகணும் தம்பி, அப்பத்தான் புத்தி வரும்" என்று பிடுங்கிச் சொருகினார். ஆளனுப்பிவிட்டு, அவர் வரும்வரை முக்கால் மணி நேரம் இப்படியே போராடினோம்.

மூணு நிமிஷம் வந்தார். மிஷினைத் தொடவில்லை. என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றில் கடிகாரத்தை உட்கார வைத்து, இன்னொன்றில் தான் உட்கார்ந்தார். வீட்டுக்காரனான நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாங்க, ஒண்ணும் செய்யாம உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"செய்யாம இருக்கறதுதான் சார் வேலையே."

மூன்றாவது நிமிடம் வெளியே 'டக்' என்றது. குளிர்காற்று வந்தது. மனிதர் எழுந்து ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"கரண்ட் நின்னுச்சின்னா உள்ள கேஸு ஒரு பக்கமா அடைச்சிக்கினு நிக்கும் சார். அது சமமாவ மூணு நிமிஷம் வேணும். அதுக்குள்ள ஓட்னா கம்ப்ரஸர் எரிஞ்சிபூடும். அதான் மிஷினே தன்னை நிறுத்தி வெச்சிக்கினு மெதுவா கண்ண சிமிட்டுது. படபடன்னு சிமிட்னாத்தான் ரிப்பேரு. நீங்க சுவிட்ச தட்டத் தட்ட அது பாவம், மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுது. முக்கா மணி நேரமா அத்த பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க!"

பிறகு எழுதினார். 'பழுது: வீட்டுக்காரர். சரி செய்த விதம்: ரிமோட்டைப் பிடுங்கியது.'

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போடாவிட்டால் ரிமோட் கிடையாது என்றார். போட்டேன். அந்த ரெஜிஸ்டர் நேராக நிர்வாக அதிகாரியின் மேஜைக்குப் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்காவது பரவாயில்லை. பஷீர் பாய் வீட்டில், 'பழுது: மாமியார்' என்று எழுதிவிட்டார். மூன்று நாள் பாய்க்கு வீட்டில் நாஷ்டா கிடையாது. ஒருவருக்கு 'பழுது: அவசரம்' என்றும், இன்னொருவருக்கு 'பழுது: படித்தவர்' என்றும் எழுதினார். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நாங்கள் என்ன கல்லா, மண்ணா?

மனு எழுதினோம். எழுதினோம் என்ன, நான்தான் எழுதினேன். 'மிஷினைத் தொடாமல் மனிதர்களைத் தொட்டுப் பேசும் இவரை உடனடியாக நீக்க வேண்டும்' என்று நரம்பு புடைக்க எழுதிப் பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். அதிகாரி படித்துவிட்டு, "இந்த மாசம் முடியட்டும், வேற ஆளைப் பார்த்துடலாம்" என்றார். நான் வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

அதோடு நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது? திருவள்ளூரில் ஒரு மெக்கானிக் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ரகசியமாக அழைத்து வந்தேன். ரகசியம் எதற்கென்றால், வெளியாளை விட்டு மிஷினைப் பிரித்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அவன் ஒரு வயரை வெட்டி இன்னொன்றோடு முறுக்கினான். "இனிமே காத்துக்கினு இருக்கற வேலையே இல்ல சார். போட்டவுடனே ஜில்லுனு வரும்" என்றான். வந்தது. எட்டு நாள் வந்தது. மூணு நிமிஷம் என்கிற மனிதரையே ஒழித்துக்கட்டிய மாதிரி மிதப்பில் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கரண்ட் ஒரே மூச்சில் நாலு தடவை போய் வந்தது. ஏ.சி. 'உம்ம்' என்று உறுமி, ஒரு தீய்ந்த வாடையை விட்டு அடங்கியது. ஜன்னலைத் திறந்தால் கரி, மூடினால் புழுக்கம். சாயங்காலத்துக்குள் குழந்தைக்கு இழுப்பு கண்டுவிட்டது.

"அந்த மனுவை எடுத்துட்டு வந்து கொழந்தைக்கு விசிறுங்க" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் ஆளனுப்பினேன். மூணு நிமிஷம் வந்தார். மூடியைக் கழற்றினார். முறுக்கிய வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது.

"எவன் கை வெச்சது இதுல?"

உள்ளே குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் அவருக்கும் கேட்டது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், மூடிக் கிடந்த கெஸ்ட் ஹவுஸ் ஏ.சி.யிலிருந்து கம்ப்ரஸரைக் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரம் வியர்வை சொட்டச் சொட்டப் பற்றவைத்தார். முறுக்கைப் பிரித்துப் பழையபடி இணைத்தார். ரிமோட் சட்டைப் பைக்குப் போனது. கடிகாரம் நாற்காலிக்கு வந்தது.

இந்த முறை மூன்றாவது நாற்காலி ஒன்றும் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

அந்த மூன்று நிமிடத்தில் நான் வீட்டைக் காலி செய்து, சாமான்களை லாரியில் ஏற்றி, ஏ.சி. இல்லாத வாடகை வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தும்விட்டேன். உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதத் தெரியாத மனிதர். அவரை ஒழிக்க மனு எழுதியவன் நான். என்ன எழுதுவார் என்று சொல்லவா வேண்டும்?

'டக்.' குளிர்காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மூச்சுச் சத்தம் தணிந்தது. அவர் ரெஜிஸ்டரை நீட்டினார்.

'பழுது: கம்ப்ரஸர். காரணம்: வயசாகிவிட்டது.'

"அண்ணே..." என்றேன். அவரை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கொழந்த தூங்குது, கத்தாதீங்க. கையெழுத்து போடுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக மனுவைத் திரும்ப வாங்கினேன். அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த நன்றியாவது அந்த மனிதருக்கு இருந்ததா? அடுத்த வாரமே கரண்ட் வந்த அவசரத்தில் நான் சுவிட்சைத் தட்டித் தொலைத்து ஆளனுப்ப, வந்து உட்கார்ந்து, 'பழுது: வீட்டுக்காரர், மறுபடியும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். 'மறுபடியும்' என்ற வார்த்தையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று. அந்தத் தடித்த ரெஜிஸ்டர் முழுக்க அந்த மனிதர் எழுதிய ஒரே ஒரு பொய் என் வீட்டு எண்ணுக்கு நேரேதான் இருக்கிறது.