கர்ணனின் இடது கால்

"இன்னொரு தடவ நட," என்றாள் சந்தனம்மாள்.

கர்ணன் வாசலிலிருந்து மாட்டுக்கொட்டில் வரைக்கும் நடந்து, திரும்பி வந்தான். வீட்டுப்படியில் அமர்ந்திருந்த அவனுடைய தாய், அரிசியில் கல் பார்க்கும் கண்ணால் மகனுடைய காலைப் பார்த்தாள்.

"சாயுதோ?"

"எங்கிட்டுச் சாயுது?"

"அதத்தேன்லே பாக்குறேன். இன்னொரு தடவ நட."

கர்ணனுக்குச் சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு நடுவே ஓடும் குறுகலான வாய்க்காலில், இரு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு, ஓர் இலையும் உரசாமல் போய் வருவது அவனுக்கு அன்றாட வேலை. அப்படிப்பட்டவனுக்கு இடது கால் இழுக்கிறது என்றொரு பேச்சு எங்கிருந்தோ கிளம்பியிருந்தது. பெண் கொடுப்பதாகச் சொன்ன பெரியகுளத்தார் அதைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். தேவதானப்பட்டியார் புறப்படவே இல்லை. இப்போது வடுகபட்டி கருத்தக்கண்ணனிடமிருந்து வார்த்தை வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் அவருடைய வண்டிக்காரர் சங்கிலி.

"அய்யா வெள்ளிக்கிழம வாராக, ஆத்தா. பலகாரமெல்லாம் ஒண்ணும் வேணாமாம். தம்பி நடக்குறதக் கண்ணால பாத்தாப் போதுமாம். அய்யா இந்தச் சம்பந்தமே வேணாம்னுதேன் சொன்னாக. பிள்ளதேன், போயிப் பாத்துட்டு வந்து பேசுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்குது."

பிள்ளை என்று அவர் சொன்னது கருத்தக்கண்ணனின் மகள் அய்யம்மாளை. கர்ணன் அவளை ஒரே ஒரு முறை பார்த்திருந்தான். தை மாதம் வடுகபட்டிக் கல்யாண வீடொன்றுக்கு அவன் வெற்றிலைக் கூடையைத் தலையில் சுமந்து கொண்டுபோனபோது, அதை இறக்கி வாங்கியவள் அவள். கட்டைப் பிரித்து, காம்பெல்லாம் ஒரு பக்கமும் நுனியெல்லாம் ஒரு பக்கமுமாக அவள் அடுக்கிய ஒழுங்கைக் கண்ட நாளிலிருந்து, வேறொரு பெண்ணைப் பற்றி யார் பேசினாலும் அவன் காதில் ஏறவில்லை. பெரியகுளத்தார் பின்வாங்கியபோது தாய் அழுதாள். அவன் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான். இந்த முறை அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல காலை நொண்டியில்லை என்று மெய்ப்பிப்பது எப்படி என்று தாயும் மகனும் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஜேசுராஜ் வந்து சேர்ந்தான். கர்ணனோடு ஒன்றாகப் படித்தவன். மேகமலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்தைக் கழுவிக் கட்டுப்போடுவது அவனுடைய வேலை. டாக்டர் பேசுவதைக் கேட்டுவைத்து, மலையிறங்கும்போதெல்லாம் அதைப் பிறரிடம் பேசுவது அவனுடைய விருப்பம். விடுப்பில் வந்தவன், கிழிந்துபோனதென்று டாக்டர் ஒதுக்கிய படமொன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"மாப்ளே, நீ எப்பிடி நடக்குறன்னு ஒனக்குத் தெரியுமா?"

"காலாலதேன்."

"அங்கனதேன் தப்புப் பண்ற," என்று ஜேசுராஜ் படத்தை விரித்தான். தோலில்லாத மனிதன் ஒருவன், சிவந்த தசைநார்களெல்லாம் தெரிய, ஒரு காலை முன்வைத்து நின்றான்.

சந்தனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏய்யா, நல்ல காரியம் பேசுற வீட்டுல இந்தத் தோலுரிச்சவன விரிக்காத. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"படந்தேன் அத்த. மாப்ளே, இங்கன பாரு. நடக்குறதுங்கிறதே விழுகுறதுதேன்."

"என்னலே சொல்ற?"

"ஒடம்ப முன்னால விழவிட்டு, தரையில விழுகுறதுக்குள்ள மறுகாலக் கொண்டாந்து தாங்குற. ஒவ்வொரு எட்டுக்கும் விழுகுற, பொழச்சுக்கிற. இந்தா, கெண்டக்கால் சத இருக்கே, இது குதிகாலத் தூக்கி ஒன்னைய முன்னால தள்ளுது. முட்டி மடங்கணும், இல்லாட்டிக் கால் தரையில இடிக்கும். காலுக்கு முன்பக்கத்துச் சத பாதத்தத் தூக்கிப் பிடிக்கணும், இல்லாட்டி விரல் தரையில இழுக்கும். ஒரு கால் மேல போகையில இடுப்பு அந்தப் பக்கமாத் தொங்கிப் போகும். தொங்கவிடாம இழுத்துப் பிடிக்கிறது எது தெரியுமா? ஊனி நிக்கிற காலோட இடுப்புச் சத."

கர்ணன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். இத்தனை வேலை அங்கே நடந்துகொண்டிருந்ததை இருபத்தாறு வயது வரைக்கும் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

"இதுல ஒண்ணு பிந்துனாலும் ஊருக்குள்ள இழுக்குதுன்னுதேன் சொல்லுவாக. எங்க, இப்ப நட பாப்போம்."

கர்ணன் எழுந்தான். கெண்டைக்கால் சதைக்கு ஆணையிட்டான், குதிகால் எழுந்தது. அடுத்தது முட்டியா இடுப்பா என்று யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு, ஜேசுராஜ் சொன்னதில் முதற்பாதியைப் பிழையின்றி நிறைவேற்றியது. தாங்க வேண்டிய மறுகாலுக்கு ஆணை போய்ச் சேராததால் அவன் மாட்டுத் தொட்டியின் தண்ணீரில் கைகளை ஊன்றி நின்றான்.

"நல்லாத்தானே நடந்தான், ஜேசு," என்றாள் சந்தனம்மாள்.

"நல்லா நடந்தவனுக்கு ஏன் அத்த ஊருக்குள்ள பேச்சு வருது? ஆரம்பத்துல அப்பிடித்தேன் இருக்கும். வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே நட மாப்ளே. பழகிரும்."

அன்று மாலை கர்ணன் கொடிக்காலுக்குப் போன காட்சியைத் தெருவே பார்த்தது. "குதிகால். முட்டி. விரல். இடுப்பு," என்று முணுமுணுத்தபடி, உறியடிக்குக் கண்ணைக் கட்டியவனைப்போல ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தான். கைகளைப் பற்றி ஜேசுராஜ் எதுவும் சொல்லாததால், வலக்காலோடு வலக்கையும் இடக்காலோடு இடக்கையும் எழுந்தன. எதிரே குடத்தோடு வந்த ராக்கம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"என்னய்யா கர்ணா, காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சித்தி, நல்லாத்தேன் இருக்கு."

"அதத்தேன் பாக்குறேன்," என்று அவள் போய்விட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சு, இப்போது சின்னமனூரிலேயே சொந்தமாக விளையத் தொடங்கியது.

மறுநாள் ஜேசுராஜ் தன் மருத்துவத்தை மாற்றினான். "நடந்தாத்தானே வம்பு? அவுக வாரப்ப நீ கம்பீரமா நில்லு. நிக்கிறதுக்கு என்ன வந்துச்சு?"

கர்ணனுக்கு உயிர் வந்தது. கொடிக்கால் ஓரத்தில் நிமிர்ந்து நின்றான். நிற்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜேசுராஜும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். ஆனால் அது அவனுக்குப் பழக்கமில்லாத காரியம்.

"ஆனா ஒண்ணு மாப்ளே. நிக்கிறதும் லேசுப்பட்ட வேல இல்ல. ஒடம்புப் பாரம் கணுக்காலுக்கு முன்னாலதேன் எறங்குது. சும்மா விட்டா மூஞ்சி குப்புற விழுந்துருவ. கெண்டக்கால் சததேன் பின்னால இருந்து கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு. அது ஓயவே கூடாது."

"ஓஞ்சா?"

"விழுகணும்."

அந்தக் கணத்திலிருந்து கர்ணன் கெண்டைக்காலைக் காவல்காக்கத் தொடங்கினான். முன்னே சாய்வதாகத் தோன்றியபோது பின்னே இழுத்தான். பின்னே போனதாகத் தோன்றியபோது முன்னே வந்தான். காற்றே இல்லாத அந்தப் பிற்பகலில், அகத்தி மரங்களெல்லாம் அசையாமல் நிற்க, அவன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தான். பொழுது சாயும் வேளையில் இடது கெண்டைக்கால் சுளுக்கிக்கொண்டது.

"விடியுறதுக்குள்ள சரியாயிரும்," என்றான் ஜேசுராஜ். சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இடது முட்டி, கேட்பாரின்றித் தானே மடங்கியது.

"எங்க ஆஸ்பத்திரியில இதுக்குச் சிம்புன்னு ஒரு கட்டய வச்சுக் கட்டுவாக. முட்டி மடங்காது. அவுக வாரதுக்கு முன்னால அவுத்துறலாம்."

ஆஸ்பத்திரிச் சிம்பு கொடிக்காலில் ஏது? காய்ந்த அகத்திக் குச்சி இருந்தது. கட்டுத் துணிக்குப் பதிலாக, ஊறவைத்த வாழைநார் இருந்தது. கர்ணனுக்கு ஒரு கட்டுத்தான் தெரியும். கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டும் கட்டு அது. ஈரநாரால் கட்டினால், காயக் காய இறுகும். மழைக்கும் காற்றுக்கும் நெகிழாது. கொடியைக் கட்டும் அதே சிரத்தையோடு தன் காலைக் கட்டி, வேட்டியை இறக்கிவிட்டான். பிறகு நார் நன்றாகக் காய்வதற்கு இடமளித்து, வெயிலில் உட்கார்ந்தான்.

வண்டிச் சத்தம் கேட்டபோது அவிழ்க்கப் போனான். நகம் நுழையவில்லை.

"அரிவாளக் கொண்டா, ஜேசு."

"கைய எடு, நான் பாக்குறேன். என்னலே கட்டிருக்க, இம்புட்டு இறுக்கமா?"

"கொடி நழுவக் கூடாதுல்ல."

அதற்குள் கருத்தக்கண்ணன் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். தலைப்பாகையும் தோல் செருப்புமாக, அதிகம் பேசாத மனிதர். சந்தனம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார். "தம்பி கொடிக்கால்ல இருக்காப்லயா? அங்கனயே பாத்துக்கிறேன். வேலையில பாத்தாத்தேன் ஆளு தெரியும்," என்று சொல்லி, பாதையைப் பார்த்தபடி கொடிக்காலுக்குள் இறங்கினார், காலில் செருப்போடு.

கொடிக்காலுக்குள் எவரும் செருப்போடு போவதில்லை. கோயிலுக்குள் எப்படியோ அப்படி. வாய்க்காலின் மறுகோடியிலிருந்து கர்ணன் அந்தத் தோல் செருப்பைக் கண்டான். தன் கெண்டைக்காலை மறந்தான், முட்டியை மறந்தான், வடுகபட்டியையே மறந்தான். குச்சி படீரென்று முறிந்தது. குறுகலான அந்த வாய்க்காலில், இருபுறமும் ஓர் இலைகூட அசையாமல், அவன் ஓடிய ஓட்டம் ஓட்டத்துக்கே இலக்கணம். வரப்பில் நின்ற சந்தனம்மாளும் வண்டிக்காரர் சங்கிலியும் அதை முழுமையாகப் பார்த்தார்கள்.

"அய்யா, செருப்பு. கோவிச்சுக்கிராதீக. வெளிய விட்டுட்டு வாங்க."

கருத்தக்கண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இந்தப் பையன் இத்தனை நேரமும் பக்கத்திலேயே நின்றான்போலும் என்று எண்ணிக்கொண்டார். "அட, மறந்துட்டேனே," என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி தம்பி. அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க."

கர்ணன் நடந்தான். வேட்டிக்குள் முறிந்த அகத்திக் குச்சியின் கூர்முனை, இடது காலைத் தூக்கியபோதெல்லாம் முட்டியின் பின்பக்கத்தில் குத்தியது. குத்தியபோதெல்லாம் அவன் துள்ளினான். துள்ளியது எந்தத் தசையென்று அந்நிலையிலும் அவனுடைய மனம் தேடியது. தேடியதில் வலக்கையும் வலக்காலும் மறுபடி சேர்ந்துகொண்டன. கடைசி வரைக்கும் போய்த் திரும்பும் இடத்தில், இடது காலை விறைப்பாக ஒரு வட்டம் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தான். அவ்வளவு தெளிவான நொண்டலை அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குமுன் யாரும் பார்த்திருக்க முடியாது.

"இப்ப ஓடி வந்தானே, அதப் பாத்தீகளா?" என்று சந்தனம்மாள் தவித்தாள்.

"எப்ப ஓடினாப்ல? நான் கீழ பாத்து வந்தேன்." கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவருடைய முகத்தில் கோபமில்லை; வருத்தம்தான் இருந்தது. "கேள்விப்பட்டது சரிதேன். வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறேன்."

வண்டி போய்விட்டது. ஜேசுராஜ், தோட்டத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, தோலுரித்தவனையும் சுருட்டிக்கொண்டு மலையேறினான். சந்தனம்மாள் அரிவாளால் நாரை அறுத்தெடுத்தாள். கர்ணன் கொடிக்காலுக்குப் போனான், தண்ணீர் சுமந்தான், வந்தான். எப்படி நடக்கிறோம் என்று அவன் இப்போது நினைக்கவேயில்லை. நன்றாக நடந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று மட்டும் நினைத்தான். அதனாலேயே அவனுடைய நடை மிக நன்றாக இருந்தது.

அப்படி அவன் இரு கையிலும் குடத்தோடு வந்துகொண்டிருந்த ஒரு காலையில், கொடிக்கால் வேலியோரம் சங்கிலியின் வண்டி நின்றது. சந்தனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"சொல்லுங்கய்யா. வேணாம்னுட்டாகளா?"

"சம்மதம்னுட்டாக, ஆத்தா. கால் ஒரு மாதிரிதேன், ஆனா பொண்ணு குடுக்க வந்த ஆளுன்னுகூடப் பாக்காம செருப்பக் கழட்டச் சொன்னான் பாரு, அவன் வெள்ளாமைய விட்டுக் குடுக்கமாட்டான்னு அய்யா சொன்னாக. பாக்கு வெத்தல மாத்த நாள் பாக்கச் சொன்னாக."

சந்தனம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கர்ணன் குடங்களை இறக்கிவைக்கவும் தோன்றாமல் நின்றான். இம்முறை அவனுடைய உடம்பு சற்றும் ஆடவில்லை.

சங்கிலி மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார்.

"தைமாசம் வெத்தலக் கூடையோட ஒங்க நடையப் பாத்ததுலருந்து, வேற யாரும் ஒங்களுக்குப் பொண்ணு குடுத்துறக் கூடாதுன்னு, கால் இழுக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிவிட்டதே எங்க பிள்ளதேன் தம்பி, 'நான் சொன்ன பொய்ய மெய்யாக்கச் சொல்லி அவுகள யாரு கேட்டா'ன்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."