அஸ்னாகெச்சின் ஒட்டாத கல்

"மறுபடியும் ஒட்டிக்கிச்சா?" என்று கெதாஹுன் செய்தித்தாளை விலக்காமலே கேட்டார்.

"ஒட்டல. வர கொஞ்சம் யோசிக்குது," என்றாள் அவர் மனைவி அஸ்னாகெச். புளித்த மாவில் சுட்ட இன்ஜெரா அப்பத்தின் ஒரு பாதி அவள் கையில் இருந்தது. மறுபாதி மின்சாரக் கல்லை விட்டு வருவதாக இல்லை.

மகள் ஹிருத் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நான்ஸ்டிக் கல் அது. நடுவில் பூச்சு உரிந்து, சொறி பிடித்த கழுதை முதுகாகக் கிடந்தது. ஹிருத்தைப் பெண் கேட்டிருக்கும் பையனின் அம்மா தெவாபெச் இன்று மதியம் முதன்முதலாகச் சாப்பிட வருகிறாள். சந்தையில் ஏதோ வியாபாரமாம், அதற்குமேல் தெரியாது. 'எங்கம்மா ஜென்மத்துல கடை இன்ஜெரா வாங்கினதில்ல' என்று ஹிருத் அங்கே அளந்து வைத்திருந்தாள். அம்மா ஊட்டி வளர்த்த பெருமைதான்.

"புதுக் கல்லு வாங்கிட்டு வரவா?"

"கல்லுக்கு வைத்தியம் தெரியாதவதாங்க கல்லை மாத்துவா."

மண்கல்லுக்குச் செய்வதுபோலவே, கல்லைச் சுடவைத்து, கோமன்கீரை விதையைப் பொடித்துத் தூவித் துணியால் தேய்த்தாள். மண் என்றால் அந்த விதையின் எண்ணெயைக் குடித்து வழவழப்பாகும். இந்தக் கல் குடிக்கவில்லை, புகைத்தது.

"அக்கா, வீடு பத்திக்கிச்சா?" சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு வுபிட்டின் குரல்.

"இல்லடி, காபி வறுக்கிறேன்."

"செருப்பு வறுக்கிற வாசனை வருதே."

புகை அடங்கியபோது கல் முழுக்கப் பிசின். மணல் போட்டுத் தேய்த்தாள். பிசின் போயிற்று. மிச்சமிருந்த பூச்சும் கூடவே போயிற்று.

"இப்ப ஒரே நிறமா இருக்கு," என்று கெதாஹுன் ஆறுதல் சொன்னார். பிறகு அவராகவே கார் பட்டறைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தார். "இதை அடிச்சா எதுவுமே ஒட்டாதாம்."

அடித்து, காயவைத்து, மாவு ஊற்றினாள். இன்ஜெரா அழகாகக் கிளம்பி வந்தது, கல்லின் புதுக் கறுப்பையும் முதுகில் சுமந்துகொண்டு.

"பாத்தியா, ஒட்டல."

"இன்ஜெரா கல்லுல ஒட்டல. கல்லு இன்ஜெராவுல ஒட்டிக்கிச்சு. பேசாம பேப்பரைப் படிங்க."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது வுபிட் வாசலில் நின்றாள். "மாவைக் குடுங்கக்கா. என் மண்கல்லுல சுட்டுத் தரேன். விறகுக் காசு மட்டும் போதும். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மாவு வாளி போன சிறிது நேரத்தில், துணி மூடிய கூடை நிறைய மெத்துமெத்தென்ற இன்ஜெரா வந்தது.

"அதுக்குள்ளயா?"

"என் கை வேகம் அப்படிக்கா."

தெவாபெச் வந்து இறங்கினாள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த வுபிட்டின் தலை சட்டென்று உள்ளே போனது. அஸ்னாகெச்சுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

தெவாபெச் ஒரு துண்டு பிய்த்தாள். புரட்டிப் பார்த்தாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"கண்ணு கண்ணா எப்படி வந்திருக்கு! எந்தக் கல்லுல சுட்டீங்க?"

"நான் வாங்கிக் குடுத்ததுலதான்," என்று முந்திக்கொண்டாள் ஹிருத்.

"கல்லுல என்னங்க இருக்கு," என்றாள் அஸ்னாகெச், தாழ்மையோடு. "எல்லாம் கைதான்."

"சத்தியமான பேச்சு. இந்தக் கை லேசுல யாருக்கும் வராது," என்றாள் தெவாபெச். குழம்பில் தோய்த்து ஒரு பெரிய கவளம் உருட்டி, தன் கையாலேயே அஸ்னாகெச்சின் வாயில் ஊட்டினாள். சம்பந்தம் முடிந்தமாதிரிதான். கெதாஹுன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழியனுப்ப வாசல்வரை போனார்கள். தெவாபெச் வெள்ளை மேலாடையைச் சரிசெய்துகொண்டே அஸ்னாகெச்சின் காதருகே குனிந்தாள்.

"நாளையிலேர்ந்து இன்ஜெராவுக்கு நேரா என் கடைக்கே வந்துடுங்க சம்பந்தி, உங்க பக்கத்து வீட்டம்மா நடுவுல லாபம் வெக்கிறா."