லாயரைவிடப் பெரிய ஆள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத விஷயத்தைத் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. அறியாத ஊரில் யாராவது வழி கேட்டால்கூடக் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவேன். (அப்படி நான் அனுப்பிவைத்த எத்தனை பேர் இன்னும் பீடோரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ!)

வியாதி தொற்றிய இடம், சுங்காய்க்குப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம். பதினாறு வயதில், தண்ணீர்க் குழாய் விஷயமாகத் தோட்டத்துக் கணக்குவழக்கைப் பார்க்கும் கிராணியை எதிர்த்துப் பேசினேன். மறுநாள் தண்ணீர் வந்தது. (குழாயை முந்தின வாரமே பழுதுபார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.) அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்கு 'லாயர்' என்று பெயர். மற்றவர்கள் கிண்டலாகச் சொன்னதை நான் நிஜமாகவே நம்பிவிட்டேன்.

எட்டு வருடங்களுக்கு முன் என் தங்கை ஸ்டெல்லா பத்து காஜாவிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு பல் கிளினிக்கில் அவளுக்கு வேலை. இனி கணவனோடு வாழ முடியாது என்று முடிவெடுத்து, நான்கு வயது மகள் ஏஞ்சலினோடு தனியாக வந்துவிட்டிருந்தாள். பிள்ளையைக் கோர்ட்டு மூலமாகத் தன்னிடம் கொண்டுவந்துவிடுவதாக அவன் சொல்லியனுப்பியிருந்தான்.

"அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். புள்ள என்கிட்டயே இருக்கணும். நல்ல ஃபேமிலி லாயர் யாராச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்த ஒரே லாயர் நான்தான். "கவலைய விடுலா, அண்ணன் பாத்துக்குறேன்" என்றேன்.

நல்லவேளையாக, அவளோடு வேலை செய்யும் ஓர் அக்கா ஒரு பெயரைக் கொடுத்திருந்தார். ஈப்போவில் கோர்ட்டுக்கு அடுத்த தெரு, மாடியில் அலுவலகம். நான் என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். (மூச்சை இழுத்துப் பிடித்தால் பட்டன் போடலாம். ஆனால் பேச முடியாது.)

லாயரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லியான பெண். முப்பது வயதிருந்தால் அதிகம். குரலோ, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல அவ்வளவு மெதுவாக. "சொல்லுங்க ஸ்டெல்லா" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, லாயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருறீங்களா? அவங்க சொல்லட்டும்."

என்னையா? கிராணியையே ஆட்டிவைத்தவனையா? "எந்திரி ஸ்டெல்லா, போலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், லாயரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், எழுந்து வந்தாள்.

"ஃபேன் சத்தத்துக்கே இந்தக் குரல் காணாம போயிரும். கோர்ட்டுல எப்படி?" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினேன். கீழ்த்தளத்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: 'பெசுருஜாயா சும்பா.' மலாயில் பெசுருஜாயா என்றால் கமிஷனர். எனக்குப் புல்லரித்தது.

"பாத்தியா! கமிஷனர்! லாயரவிடப் பெரிய ஆளு."

"சும்பான்னா சாபம்தானே அண்ணே? நாம அவர சபிக்கவா வந்தோம்?"

"உனக்கு என்னா தெரியும்? சும்மா வா."

(மலாயில் அந்தச் சொல்லுக்குச் சத்தியம் என்றும் பொருள் உண்டு. அது அன்று எங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.)

உள்ளே டை கட்டிய ஒரு பெரியவர். மேசையில் பெரிய முத்திரை. சுவரோரமாக வரிசையாக ஆட்கள். "அடுத்த ஆளு வாங்க!" என்று அவர் கூப்பிட்டதில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. குரலென்றால் இதல்லவா குரல்!

ஸ்டெல்லாவின் கல்யாண நாளிலிருந்து தொடங்கினேன். ஒரு மாதம் வீட்டுக்கு வராதவனை, ஓராண்டு காணாமல் போனவனாக்கினேன். மகளின் பிறந்தநாளை மறந்தவனை, மகளின் பெயரையே மறந்தவனாக்கினேன். ஆவேசத்தில் கோட்டுப் பட்டன் தெறித்து அவருடைய மைப்பெட்டியில் விழுந்தது. வரிசையில் இருந்த சீன அம்மா ஒருவர் "கெசியான்லா, பாவம்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறொருவர் "விடாதீங்க அண்ணே" என்றார். நான் விடவில்லை.

கடைசியில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதை நல்லாருக்கு தம்பி. பேப்பர் எங்க?"

"என்னா பேப்பர்?"

"நீங்க சத்தியம் பண்ற பேப்பர்லா. அதுல கையெழுத்து வாங்கி சாப் அடிக்கிறதுதான் என் வேலை" என்று முத்திரையைத் தட்டிக் காட்டினார். " லாயர் வேணும்னா மேல போங்க. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி."

அறையே சிரித்தது. அழுத சீன அம்மாவும் சேர்ந்துதான். மானத்தோடு வெளியேறிவிடலாம் என்று திரும்பினால், ஸ்டெல்லாவின் நாற்காலி காலி. "அந்தத் தங்கச்சியா? அவங்க அப்பவே மேல போயிட்டாங்க" என்றார், என்னிடம் 'விடாதீங்க' என்று சொன்னவர்.

மாடிக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். லாயர் எழுதிக்கொண்டே இருந்தார். கதவில் வைத்த கையை எடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரங்களில் அவளுடைய வாக்குமூலம் தயாரானது. அதற்குச் சத்தியம் செய்ய எங்கே போவது? கீழ்த்தளத்துப் பெரியவரிடம்தான். பெரியவர் அவளிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கி, முத்திரையை ஓங்கி அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அன்னிக்கு நீங்க சொன்னதுல பாதி இதுல காணோமே?"

"லாயர் உண்மைய மட்டும்தான் எழுதுனாங்க" என்றாள் ஸ்டெல்லா.

விசாரணையின்போது என்னை உள்ளே விடவில்லை. அங்கேயும் எனக்கு வெளி பெஞ்சுதான். பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது. ஸ்டெல்லா அழவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான் அழுதேன்.

இப்போது ஏஞ்சலினுக்குப் பன்னிரண்டு வயது. குடும்பத்தில் நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும், முடிவதற்குள் அவள் கையை ஆட்டிவிடுவாள்: "சாப் கெடையாது மாமா!" தண்ணீர்க் குழாய்க் கதைக்குச் சாப் கிடையாது. இடுப்பளவு வெள்ளத்தில் கார் ஓட்டிய கதைக்கும் கிடையாது.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் வழக்கம்போல் எழுந்து நின்றேன். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"எனக்கு லாயர் பாக்கத் தெரியல. எங்க ஸ்டெல்லாவுக்குத் தெரிஞ்சுது. இந்தக் குடும்பத்துலயே தைரியமான ஆளு அவதான்" என்றேன்.

ஏஞ்சலின் என்னையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முஷ்டியை உயர்த்தி, தட்டுகள் குலுங்க மேசையில் ஓங்கி அடித்தாள்.

"சாப்!"